எஸ்டிஆர் வராத வீட்டுக்கு அரசாங்க உதவி எங்கே இருக்கிறது? கணக்கோடு பேசுவோம்

செந்தூல்வாசி:

மலேசியாவில் குறைந்த வருமான வீடுகளுக்கு அரசாங்கம் கொடுக்கும் எஸ்டிஆர் ரொக்க உதவி பற்றி இங்கே ஏற்கெனவே பல இழைகள் ஓடுகின்றன. குடும்ப வருமானம் மாதம் 5,000 வெள்ளியை (ரிங்கிட்) தாண்டிவிட்டால் அங்கே படிக்க ஒன்றுமில்லை. தாண்டியும், வீட்டு லோனும் தாடிகா (பாலர் பள்ளி) கட்டணமும் போன பிறகு மாதக் கடைசியில் கையைப் பிசைகிற வீடுகளுக்காக இந்த இழை.

புள்ளிவிவரத் துறையின் 2022 கணக்குப்படி எம்40 என்கிற நடு 40 விழுக்காட்டுக் குடும்பங்களின் வருமானம் மாதம் 5,250 முதல் 11,819 வெள்ளி வரை. அதே ஆண்டில் கோலாலம்பூரின் இடைநிலைக் குடும்ப வருமானம் 10,234, பினாங்கில் 6,502. அதனால் 10,700 வெள்ளி வருகிற வீடு நாட்டுக் கணக்கில் வசதியாகத் தெரியும். கோலாலம்பூரில் அது நட்டநடு வீடு.

பேசுவதற்கு ஒரு மாதிரிக் குடும்பத்தை வைத்துக்கொள்வோம். கோலாலம்பூரின் செந்தூலில் ஒரு பிளாட். கணவன் சம்பளம் 6,500, மனைவி 4,200, இரண்டு பேரும் தனியார் வேலை. மூத்த பிள்ளை பத்து வயது, தமிழ்ப்பள்ளியில். இளையது ஐந்து வயது, தாடிகாவில். ஒரு கார், ஒரு மோட்டார். மின்கட்டணம் மாதம் 600 யூனிட்டை ஒட்டி வருகிறது. இந்த வீட்டுக்கு எந்தச் சலுகை உண்மையில் காசாகத் தங்கும், எது பேருக்கு மட்டும்? தெரிந்தவர்கள் எண்ணோடு எழுதுங்கள்.


பிஇபாரம்:

முதலில் வருமான வரி. இந்த வீட்டுக்கு மிகப் பெரிய தொகை அங்கேதான் இருக்கிறது. அது தானாக வீடு தேடி வராது. மார்ச்சிலிருந்து மே 15-க்குள் வரி வாரியத்தின் மைடேக்ஸ் தளத்தில் ஈ-பிஇ பாரம் நிரப்பும்போது நாமே எடுத்தால்தான் உண்டு. கீழே உள்ளதெல்லாம் 2025 மதிப்பீட்டு ஆண்டுக்கு.

கணவன்: ஆண்டுக்கு 78,000. சுயக் கழிவு 9,000, இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) 4,000, சொக்சோ (சமூகப் பாதுகாப்புச் சந்தா) 350. இபிஎஃப் சந்தா 4,000-க்கு மேல் போனாலும் கழிவு அதோடு சரி. மீதம் 64,650, வரி 3,111.50.

மனைவி: ஆண்டுக்கு 50,400. அதே மூன்று கழிவுகளும் போக 37,050. வரி 723.

இரண்டும் சேர்ந்து 3,834.50. வேறொன்றும் செய்யாத வீட்டின் தொகை இது.

இனி வீட்டில் இருக்கிற கழிவுகள். பிள்ளைக்கு 2,000 வீதம் 4,000. தாடிகா 3,000. வாழ்க்கைமுறைக் கழிவு 2,500, இதில் புத்தகம், கணினி, கைப்பேசி, இணையக் கட்டணம் எல்லாம் அடங்கும். மருத்துவக் காப்புறுதிக்குப் பிரிமியம் 2,400 கட்டுவதாக வைப்போம். 2025-லிருந்து அதற்கு 4,000 வரை இடமிருக்கிறது. எஸ்எஸ்பிஎன் (பிள்ளைகளின் மேற்படிப்புச் சேமிப்பு) 3,000. மொத்தம் 14,900.

பெரும்பாலான வீடுகளில் சம்பளம் கூடியவர் பெயரிலேயே எல்லாவற்றையும் போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போட்டால் கணவனின் வரி 1,485, மனைவியின் வரி அதே 723, மொத்தம் 2,208. நல்ல குறைப்புதான். ஆனால் இன்னும் 310 வெள்ளியை மேசைமேலேயே விட்டுவிட்டார்கள்.

வரிக்குரிய வருமானம் 35,000 அல்லது அதற்குக் கீழே இருந்தால் 400 வெள்ளி தள்ளுபடி. இது கழிவு இல்லை, கட்டவேண்டிய வரியிலிருந்தே நேராகப் போகிற தொகை. மனைவி அந்தக் கோட்டுக்கு வெறும் 2,050 வெள்ளி மேலே நிற்கிறார். ஒரு பிள்ளையின் 2,000 கழிவை அவர் பக்கம் மாற்றி, அவர் பெயரில் ரசீது இருக்கிற 50 வெள்ளிப் புத்தகத்தையும் சேர்த்தால் வரிக்குரிய வருமானம் சரியாக 35,000. வரி 600, தள்ளுபடி போக 200. கணவன் பக்கம் 1,698 ஆகும். மொத்தம் 1,898.

அதே குடும்பம், அதே செலவு, ஒரு பிள்ளை எந்தப் பாரத்தில் ஏறுகிறது என்பது மட்டும் மாறியது.


கெப்போங்_கார்:

பிள்ளைகளை அப்படி ஆளுக்கொன்றாகப் பிரிக்கலாமா? அலுவலகத்தில் கேட்டால் அப்பா பெயரில்தான் போடவேண்டும் என்கிறார்கள்.


பிஇபாரம்:

பிரிக்கலாம் தம்பி. தனித்தனி மதிப்பீடு செய்கிற தம்பதியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் யார் எடுப்பது என்று அவர்களே முடிவு செய்யலாம். பாரத்தில் 100 விழுக்காடு எடுக்கும் பிள்ளைகள் எத்தனை, 50 விழுக்காடு எடுக்கும் பிள்ளைகள் எத்தனை என்று இரண்டு கட்டம் இருக்கும். அந்த 50 விழுக்காடு, சேர்ந்து வாழாத பெற்றோர் ஒரே பிள்ளைக்கு ஆளுக்குப் பாதி எடுப்பதற்கு; சேர்ந்து வாழும் தம்பதிக்கு இல்லை. கூடாதது, ஒரே பிள்ளையை இரண்டு பேரும் முழுதாகப் போடுவது.

அலுவலகத்தில் சொல்வது சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கிற வரியான பிசிபி கணக்குக்காக. அங்கே யார் பெயரில் பிள்ளை பதிவாகியிருந்தாலும் ஆண்டுக் கடைசிப் பாரத்தில் மாற்றிக்கொள்ளலாம். மாற்றும்போது கணவனுக்குப் பிசிபி குறைவாகப் பிடித்திருந்தால் அவர் கொஞ்சம் கட்ட வேண்டியிருக்கும், மனைவிக்குத் திரும்பி வரும். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள், ஒரு பாரத்தை மட்டும் பார்த்துப் பயப்படவேண்டாம்.

இதில் இரண்டு எச்சரிக்கை. சரியாக 35,000 என்று நிறுத்தாதீர்கள். தணிக்கையில் ஒரு 50 வெள்ளி ரசீதை ஏற்காமல் விட்டால் அந்த 400-உம் சேர்ந்து போகும். நூறு, இருநூறு வெள்ளி கீழே நிற்பது நல்லது.

இன்னொன்று போனஸ். மனைவிக்கு ஒரு மாத போனஸ் 4,200 வந்தால் கோட்டுக்குக் கீழே வர 6,250 வேண்டும். அவ்வளவையும் கணவனிடமிருந்து எடுத்தால் அங்கே 11 விழுக்காட்டில் வரி ஏறும். கணக்குப் போட்டால் குடும்பத்துக்கு மிஞ்சும் லாபம் 310-லிருந்து 100-க்கு இறங்கிவிடும். இன்னும் மேலே சம்பளம் என்றால் மாற்றாமல் விடுவதே மேல். ஆகவே எந்த வீட்டுக்கும் இது ஒரே விடை இல்லை. டிசம்பர் சம்பளச் சிலிப்பு கைக்கு வந்ததும் இரண்டு விதமாகவும் போட்டுப் பார்க்கவேண்டும்.


பாயான்லெப்பாஸ்_அக்கா:

கணக்கு அருமை. ஆனால் காசு போவது கணக்கில் இல்லை, ரசீதில். சம்பளப் பிரிவு மேசைக்கு வருகிற கேள்விகளில் திரும்பத் திரும்ப வருகிற கோளாறுகளைச் சொல்கிறேன்.

தாடிகா: பதிவு பெற்றதாக இருக்கவேண்டும். தாஸ்கா (குழந்தைப் பராமரிப்பகம்) என்றால் சமூகநலத் துறையில், தாடிகா என்றால் கல்வி அமைச்சில். பக்கத்து வீட்டு ஆயா பார்த்துக்கொள்வதற்கு எவ்வளவு கொடுத்தாலும் கழிவு இல்லை. பிள்ளைக்கு ஆறு வயது அல்லது அதற்குக் கீழே இருக்கவேண்டும். எத்தனை பிள்ளை போனாலும் தொகை 3,000தான், பெற்றோரில் ஒருவர்தான் எடுக்கமுடியும்.

இணையக் கட்டணம்: பில் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் எடுக்கலாம். மாமனார் பெயரில் இருக்கிற பழைய லைனுக்கு மருமகன் ஆண்டு முழுக்கக் கட்டினாலும் அவருக்குக் கழிவு கிடையாது. பெயரை மாற்றிக்கொள்வது ஒரு நாள் வேலை, அதைச் செய்யாமல் பல ஆண்டு விட்டுவிடுகிறார்கள்.

விளையாட்டுக் கழிவு 1,000: ஜிம் சந்தா, பூப்பந்து மட்டை, கோர்ட் வாடகை எல்லாம் சரி. காலணியும் ஜெர்சியும் ஆகாது. ரசீதில் மட்டையும் காலணியும் ஒன்றாக இருந்தால் மட்டையின் விலையை மட்டும் எடுக்கவேண்டும். 2025-லிருந்து அப்பா அம்மாவுக்காகச் செய்யும் விளையாட்டுச் செலவும் இதில் சேரும்.

அப்பா அம்மா மருத்துவச் செலவு 8,000: நம் வீடுகளில் அதிகம் கைவிடப்படுவது இதுதான். டயாலிசிஸ், கண்புரை அறுவை, பல் சிகிச்சை என்று பிள்ளைகள் கட்டுகிறார்கள், ஆனால் ரசீதை அம்மாவின் கைப்பையிலேயே விட்டுவிடுகிறார்கள். கட்டியது யார் என்று தெரியவேண்டும், மருத்துவர் சான்று வேண்டும். முழு உடல் பரிசோதனையும் தடுப்பூசியும் இந்த 8,000-க்குள் 1,000 வரை. 2025-லிருந்து தாத்தா பாட்டிக்கும் உண்டு.

எல்லா ரசீதையும் ஏழு ஆண்டு வைத்திருக்கவேண்டும். வெப்பத்தாளில் அச்சான ரசீது ஒரே ஆண்டில் வெளுத்துவிடும், அதனால் வாங்கிய அன்றே படம் பிடித்து, ஆண்டின் பெயரில் ஒரு கோப்புறையில் போட்டுவிடுங்கள். படத்தோடு அசலையும் வைத்திருங்கள்.

பாரத்தை அனுப்பிய பிறகு மறந்த ரசீது கிடைத்தால் இழந்ததாக எண்ணவேண்டாம். வருமான வரிச் சட்டத்தின் 131-ஆம் பிரிவின் கீழ் ஐந்து ஆண்டுக்குள் திருத்தம் கேட்டு விண்ணப்பிக்கலாம்.


சூலியாக்கரை:

பினாங்குத் தமிழ் முஸ்லிம் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. ஜகாத் என்பது கழிவில் சேராது, தள்ளுபடி. கட்டிய ஒவ்வொரு வெள்ளியும் கட்டவேண்டிய வரியிலிருந்து அப்படியே குறையும், வரித் தொகை அளவுக்கு. மாநில ஜகாத் அமைப்பின் ரசீது வேண்டும். சம்பளத்திலேயே பிடிக்கச் சொன்னால் அந்த மாதப் பிசிபியும் குறையும். ஆண்டுக் கடைசி வரை காத்திருக்க வேண்டியதில்லை.

கணவன் மனைவி இருவரும் கட்டுகிற வீட்டில் ஒருவருக்கு வரி 200 என்றும் மற்றவருக்கு 1,698 என்றும் இருந்தால், ஜகாத் ரசீது யார் பெயரில் இருக்கிறது என்று முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள். வரியைவிட அதிகமாகக் கட்டிய பகுதி திரும்பி வராது.


கெப்போங்_கார்:

கோயிலுக்குக் கொடுக்கிற நன்கொடைக்கும் அப்படித்தானா?


பிஇபாரம்:

இல்லை. நன்கொடைக்குக் கிடைப்பது வருமானத்திலிருந்து கழிவு, அதுவும் வரி வாரியத்தின் ஒப்புதல் பெற்ற அமைப்பாக இருந்தால் மட்டும், மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை. ரசீதில் அந்த ஒப்புதல் எண் அச்சாகியிருக்கும். எல்லாக் கோயிலுக்கும் அது கிடையாது. கொடுப்பதற்கு முன் நிர்வாகத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒப்புதல் இல்லாத ரசீதைச் சேர்த்துவிட்டுத் தணிக்கையில் மாட்டிக்கொள்வதில் அர்த்தமில்லை.


மீட்டர்பெட்டி:

600 யூனிட்டை ஒட்டி வருகிறது என்று முதல் பதிவில் இருக்கிறதே, அதைத்தான் பிடித்துக்கொள்ளவேண்டும். 2025 ஜூலை 1-லிருந்து வந்த புதிய மின்கட்டண முறையில் அந்த எண் ஒரு படிக்கட்டு விளிம்பு.

இப்போது பில்லில் மூன்று வீதம் கூட்டப்படுகிறது: மின்சாரம் 27.03 சென், கொள்ளளவு 4.55, வலையமைப்பு 12.85. ஆக ஒரு யூனிட்டுக்கு 44.43 சென். அதிலிருந்து சிக்கனத்துக்கான ஊக்கத்தொகை கழியும். 200 யூனிட்டுக்குள் 25 சென் கழிவு, அங்கிருந்து மேலே போகப் போகக் குறைந்துகொண்டே வந்து 1,000 யூனிட்டுக்கு மேல் ஒன்றுமில்லை. முக்கியமானது, அந்தக் கழிவு வீதம் மொத்த யூனிட்டுக்கும் பொருந்தும், கடைசிப் படிக்கு மட்டுமல்ல.

551 முதல் 600 வரை கழிவு 9 சென். அப்படியானால் 600 யூனிட் பில் 212.58. 601 ஆனதும் கழிவு 7.5 சென்னாகிவிடும், கூடவே 10 வெள்ளி சில்லறைக் கட்டணமும் ஏறும். 600 வரை அது இல்லை. பில் 231.95. ஒரே ஒரு யூனிட்டுக்கு 19.37 வெள்ளி. அதற்குப் பிறகு 600-க்கு மேற்பட்ட பகுதிக்கு 8 விழுக்காடு சேவை வரி, எரிபொருள் விலைக்கு ஏற்ப மாதாமாதம் மாறுகிற சரிக்கட்டுத் தொகை. அந்தச் சரிக்கட்டு சில மாதம் கூட்டும், சில மாதம் குறைக்கும், 600-க்குள் இருப்பவர்களுக்குப் பொருந்தாது. 300 யூனிட்டுக்கு மேல் எல்லாருக்கும் 1.6 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதியும் உண்டு. மேலே சொன்ன தொகைகள் அதற்கு முந்தியவை.

600 என்றால் நாளுக்கு 20 யூனிட். ஸ்மார்ட் மீட்டர் இருக்கிற வீட்டில் மின்வாரியத்தின் மைடிஎன்பி செயலியில் நாள்வாரிக் கணக்குத் தெரியும். பில் சுற்றின் இருபதாம் நாளில் 400-ஐத் தாண்டியிருந்தால் அந்தக் கடைசிப் பத்து நாளைக் கவனியுங்கள்.

எங்கே குறைப்பது? எல்லாரும் ஏர்கோனைத்தான் பார்ப்பார்கள். முதலில் குளியலறை ஹீட்டரைப் பாருங்கள். சாதாரணமாக 3.6 கிலோவாட். நான்கு பேர் ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால் நாளுக்கு 2.4 யூனிட், மாதம் 72. அதைப் பாதியாக்கினாலே பல வீடுகளில் கோடு தாண்டாது. வெயில் ஏறிய மத்தியானத்தில் குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பாக வருகிற ஊரில் ஹீட்டர் போடத் தேவையில்லை. அடுத்தது பழைய குளிர்சாதனப் பெட்டியின் கதவு ரப்பர். ஒரு தாளை இடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சுலபமாக வந்துவிட்டால் ரப்பர் போய்விட்டது, மோட்டார் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும்.


பாயான்லெப்பாஸ்_அக்கா:

அண்ணே, நேரவாரிக் கட்டணத்துக்கு மாறச் சொல்கிறார்களே, இப்படிப்பட்ட வீட்டுக்கு அது சரிவருமா?


மீட்டர்பெட்டி:

வாரநாளில் மத்தியானம் 2 முதல் இரவு 10 வரை உச்ச நேரம், 28.52 சென். மற்ற நேரமும் சனி, ஞாயிறு, பொது விடுமுறையும் 24.43. சாதாரண வீதம் 27.03. ஆக உச்ச நேரத்தில் 1.49 சென் கூடுகிறது, மற்ற நேரத்தில் 2.60 குறைகிறது.

பயன்பாட்டில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் உச்ச நேரத்துக்கு வெளியே இருக்கிற வீட்டில் 600 யூனிட்டுக்கு ஏழு எட்டு வெள்ளி மிஞ்சும். பகலில் எல்லாரும் வேலைக்குப் போய், ஏர்கோன் இரவு பத்துக்கு மேல்தான் ஓடும் என்றால் மாறலாம். தாத்தா பாட்டி பகல் முழுக்க வீட்டில் இருந்தால் வேண்டாம். வெயில் காலத்தில் வயதானவர்களை ஏர்கோன் இல்லாமல் உட்காரவைத்து ஏழு வெள்ளி மிச்சம் பிடிப்பது சரியில்லை.


ஜாலான்ஈப்போ:

பெட்ரோல் பக்கம். புடி95 என்கிற சலுகைத் திட்டம் 2025 செப்டம்பர் 30-ஆம் தேதி எல்லாக் குடிமக்களுக்கும் திறந்தபோது ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1.99, சலுகை இல்லாத விலை 2.60, மாத ஒதுக்கீடு 300 லிட்டர். அதற்கு முன் எல்லாருக்கும் 2.05. மாதம் 160 லிட்டர் போடுகிற வீட்டுக்குப் பழைய விலையோடு ஒப்பிட்டால் 9.60 வெள்ளிதான் மிச்சம். ஆனால் மைகாட் (அடையாள அட்டை) சரிபார்ப்பு தோற்று அன்றைய 2.60-க்குப் போட்டால் அதே 160 லிட்டருக்கு 97.60 கூடுதல். அதனால் இங்கே கவனிக்கவேண்டியது தகுதி விட்டுப்போகாமல் இருப்பது.

தகுதி ஆளுக்கு, வண்டிக்கு அல்ல. குடிமகனாக இருந்து ஓட்டுநர் உரிமம் செல்லுபடியாக வேண்டும். உரிமத்தைக் காலாவதியாக விடாதீர்கள். நிலையத்தில் முதலில் மைகாட்டை முனையத்தில் செருகி, மீதி லிட்டர் திரையில் வந்த பிறகுதான் கட்டணம். அட்டையை முதலில் தட்டிவிட்டால் முழு விலைக்குப் போய்விடும் என்று நினைத்து வரிசையைப் பழகிக்கொள்ளுங்கள். சிப் தேய்ந்த பழைய மைகாட் பல இடத்தில் வாசிக்காது. பதிவுத் துறையில் மாற்றிவிடுங்கள், அதே சிப்தான் சாரா என்கிற மளிகை உதவிக்கும் வேண்டும்.

செந்தூலிலிருந்து நகரத்துக்கு வேலைக்குப் போகிறவருக்கு மை50 பாஸ்: 30 நாளுக்கு 50 வெள்ளி, எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரெயில், ரேப்பிட் கேஎல் பஸ் எல்லாம். கேடிஎம் கொமுட்டர் ரயில் இதில் இல்லை. செந்தூலில் இரண்டு ரயிலும் நிற்பதால் தெரியாமல் கொமுட்டரில் ஏறி டிக்கெட் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். பத்துமலைக்காரர்களுக்கு ரயில் என்றாலே கொமுட்டர்தான், பஸ்ஸில் எல்ஆர்டி வரை வந்தால் பாஸ் பயன்படும். பினாங்கில் அதே 50 வெள்ளிக்கு ரேப்பிட் பினாங்கின் முத்தியாரா பாஸ்.


சூலியாக்கரை:

சாரா 100 வெள்ளியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2025 ஆகஸ்ட் 31-இல் 18 வயது நிரம்பிய எல்லாக் குடிமக்களின் மைகாட்டிலும் போட்டார்கள், வருமானம் பார்க்கவில்லை. விண்ணப்பமும் இல்லை. டிசம்பர் 31-க்குள் செலவழிக்காதது போய்விட்டது. அரிசி, முட்டை, எண்ணெய், சோப்பு, பள்ளிச் சாமான் போன்ற குறிப்பிட்ட பொருள்களுக்கு, பதிவான கடைகளில் மட்டும். கலந்து வாங்கினால் தகுதியில்லாத பொருளுக்குத் தனியாகக் காசு கட்டவேண்டும். முதல் நாளிலேயே முண்டியடித்ததில் கருவி மெதுவாகிப் பலர் வரிசையில் நின்றார்கள். அடுத்த முறை வரும்போது இரண்டாம் வாரம் போங்கள்.

பள்ளிப் பிள்ளைக்கு 150 வெள்ளி பள்ளித் தொடக்க உதவியும் இப்போது வருமானம் பார்க்காமல்தான். பள்ளி வழியாக வரும். தமிழ்ப்பள்ளிக்கும் அதேதான்.


தேக்காமரம்:

இழையை முழுக்கப் படித்தேன். ஒரு விஷயத்தில் வருத்தமாக இருக்கிறது. கழிவு இருக்கிறது என்பதற்காக வாங்குகிற பழக்கம். 2,500 வெள்ளிக்குக் கைப்பேசி வாங்கினால் மாதிரிக் கணவனுக்குத் திரும்பி வருவது அதிகபட்சம் 275. மனைவி கோட்டுக்குக் கீழே வந்த பிறகு அவர் பெயரில் வாங்கினால் 3 விழுக்காடு, 75 வெள்ளி. மீதியெல்லாம் குடும்பத்தின் காசு. டிசம்பர் கடைசி வாரத்தில் கடைகள் வரிக் கழிவு என்று பதாகை வைத்து விற்பதை நம்பி, தேவையில்லாததைத் தவணையில் வாங்கி விடாதீர்கள். தேவைப்பட்டதைச் சரியான ஆண்டில், சரியான பெயரில் வாங்குவது வேறு.

சேமிப்பு வழியாக வருகிற கழிவு அப்படியல்ல, காசு நம்மிடமே இருக்கும். எஸ்எஸ்பிஎன் அதில் முதல். ஆண்டுக்கு 8,000 வரை, 2027 மதிப்பீட்டு ஆண்டு வரை நீட்டியிருக்கிறார்கள். கணவன் மனைவி தனித்தனிக் கணக்கில் போட்டால் இருவருக்கும் உண்டு. தவறு நடப்பது இங்கே: கணக்கில் எடுப்பது அந்த ஆண்டின் நிகரச் சேமிப்பு. மார்ச்சில் பள்ளிச் செலவுக்கு 3,000 எடுத்துவிட்டு டிசம்பரில் 3,000 போட்டால் நிகரம் பூஜ்யம், கழிவும் பூஜ்யம். அவசரத் தேவைக்கான காசை அதில் வைக்காதீர்கள்.

மாதிரிக் கணக்கில் கணவன் 51,800-இல் நிற்கிறார் என்று பிஇபாரம் காட்டினார். 50,000-க்கு மேலே நிற்கிற அந்த 1,800-க்கு 11 விழுக்காடு. எஸ்எஸ்பிஎன்னில் இன்னும் 1,800 போட்டால் 198 வெள்ளி குறையும். அதற்கு மேல் போடுவதற்கு 6 விழுக்காடுதான். மாதம் 150 வெள்ளி நிலையான உத்தரவாகப் போட்டால் அந்த 1,800 ஆகிவிடும், டிசம்பரில் திணறவேண்டாம்.


கெப்போங்_கார்:

இபிஎஃப் மூன்றாவது கணக்கிலிருந்து எடுத்துச் சமாளிப்பதும் நிவாரணம்தானே?


தேக்காமரம்:

அது நம் சொந்தக் காசு தம்பி. 2024 மே 11-லிருந்து சந்தா 75, 15, 10 என்று மூன்று கணக்கில் பிரிகிறது. ஃபிளெக்சிபிள் கணக்கில் விழுகிற 10 விழுக்காட்டை எப்போது வேண்டுமானாலும், 50 வெள்ளியிலிருந்து எடுக்கலாம். 2024-க்கு இபிஎஃப் கொடுத்த ஈவு 6.30 விழுக்காடு. விடுமுறைக்கும் பண்டிகைத் துணிக்கும் எடுத்தால் அந்த ஈவை விட்டுக்கொடுக்கிறோம்.

ஒரே இடத்தில் எடுப்பது நியாயம்: கிரெடிட் கார்டில் நிலுவை ஓடிக்கொண்டிருந்தால். அங்கே வட்டி ஆண்டுக்கு 15 முதல் 18 விழுக்காடு. 6.30 வருகிறதை எடுத்து 18 போகிறதை அடைப்பது லாபம். அடைத்த பிறகு கார்டை மறுபடி நிரப்பினால் இரண்டு பக்கமும் நட்டம்.

மனைவி சம்பள வேலையில் இல்லாமல் வீட்டிலிருந்து பலகாரம் செய்து விற்பவர், தையல்காரர் என்றால் ஐ-சாரான் இருக்கிறது. சொந்தத் தொழில் செய்பவர் இபிஎஃபில் தானாகப் போடும் தொகைக்கு அரசாங்கம் 20 விழுக்காடு சேர்க்கிறது, ஆண்டுக்கு 500 வெள்ளி வரை, வாழ்நாளில் 5,000 வரை. 2,500 போட்டால் முழு 500-உம் வரும். முதலில் ஐ-சாரானுக்குப் பதிந்துகொள்ளவேண்டும். பதியாமல் போட்டால் சாதாரணச் சந்தாவாகப் போய்விடும், அந்த 500 சேராது. எம்40 குடும்பத்துக்கு நேரடிக் காசாகக் கிடைக்கிற மிகச் சிலவற்றில் இது ஒன்று, ஆனால் நம்மில் கேள்விப்பட்டவர்களே குறைவு.


பிஇபாரம்:

வாடகையில் இருந்துகொண்டு முதல் வீடு பார்ப்பவர்களுக்கு இரண்டு வரி சேர்த்துவிடுகிறேன். 500,000 வெள்ளி வரையிலான முதல் வீட்டுக்கு உரிமை மாற்றப் பத்திரத்துக்கும் கடன் ஒப்பந்தத்துக்கும் முத்திரை வரி விலக்கு 2027 டிசம்பர் 31 வரை. 500,000 வீட்டுக்கு 450,000 கடன் என்றால் 9,000-உம் 2,250-உம் சேர்ந்து 11,250 வெள்ளி. இந்த இழையில் பேசிய எல்லாவற்றையும்விடப் பெரிய தொகை.

அதோடு 2025 ஜனவரி 1 முதல் 2027 டிசம்பர் 31-க்குள் விற்பனை ஒப்பந்தம் போட்ட முதல் வீட்டின் கடன் வட்டிக்கு, 500,000 வரையிலான வீடு என்றால் ஆண்டுக்கு 7,000 வரை, 750,000 வரையிலான வீடு என்றால் 5,000 வரை கழிவு, தொடர்ந்து மூன்று ஆண்டுக்கு. வாடகைக்கு விடக்கூடாது. இரண்டு பேர் பெயரில் வாங்கினால் பங்குக்கேற்பப் பிரியும். மேலே சொன்ன 35,000 கோட்டுக் கணக்கை அப்போது புதிதாகப் போடவேண்டும்.


செந்தூல்வாசி:

எல்லாருக்கும் நன்றி. ஒரு கேள்வி மிச்சம். வரியில் திரும்பி வருவது மே, ஜூனில் மொத்தமாக வருகிறது. தாடிகா கட்டணம் மாதாமாதம் போகிறது. முன்கூட்டியே வாங்க வழி உண்டா?


பாயான்லெப்பாஸ்_அக்கா:

டிபி1 பாரம். காப்புறுதி, தாடிகா, எஸ்எஸ்பிஎன், இணையக் கட்டணம் போன்ற கழிவுகளை அதில் எழுதிச் சம்பளப் பிரிவில் கொடுத்தால் அந்த மாதத்திலிருந்தே பிசிபி குறையும். முதலாளி ஒப்புக்கொண்டால்தான் நடக்கும். ஆகவே முதலில் கேளுங்கள். செலவு செய்த பிறகுதான் எழுதவேண்டும், செய்யப்போவதை எழுதக்கூடாது. ரசீதை நீங்களே வைத்துக்கொள்ளவேண்டும்.

ஆண்டு நடுவில் வேலை மாறினால் டிபி3 பாரத்தில் பழைய சம்பளத்தையும் பழைய பிசிபியையும் புதிய இடத்தில் கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால் புதிய முதலாளி ஆண்டே அன்றுதான் தொடங்கியதுபோல் கணக்குப் போடுவார், பிசிபி குறைவாகப் பிடிபடும், அடுத்த மே மாதம் ஒரே தொகையாகக் கட்டவேண்டி வரும்.

மைடேக்ஸில் உங்கள் வங்கிக் கணக்கு எண் இன்னும் திறந்திருக்கிற கணக்குதானா என்று இன்றைக்கே பாருங்கள். ஈ-பைலிங் செய்தால் பணம் முப்பது வேலை நாளில் திரும்பவேண்டும். மூடிய கணக்குக்குப் போன பணம் வாரியத்துக்கே திரும்பிவிடும், நாம் மறுபடி தொடர்புகொள்ளும் வரை அங்கேயே கிடக்கும்.